அலகே சீப்பு

பறவைகளின் அழகைப் பாராட்டும் நாம், அவ்வழகைப் பேண அவை படும் பாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை. மதிலில் வந்தமரும் புறாவைச் சற்றுப் பொறுமையுடன் கவனித்தால், இரை தேடாத வேளையிலும் அது வாளாவிருப்பதில்லை என்பது புலனாகும். கழுத்தை வளைத்து, இறகுகளை ஒவ்வொன்றாக அலகினாற் கோதிக்கொண்டேயிருக்கும்.

இது வீண் அலங்காரமன்று. நம் நகத்தைப் போன்றே இறகும் கெரற்றின் என்னும் புரதத்தால் ஆனது. முற்ற வளர்ந்தபின் அஃது உயிரற்ற பொருளே. தோலிற் பட்ட காயம் ஆறுவதுபோல, முறிந்த இறகு மீண்டும் பொருந்துவதில்லை. பழையது உதிர்ந்து புதியது முளைக்கும்வரை, உள்ளதைக் காத்தே ஆகவேண்டும்.

இறகின் நடுத்தண்டிற்கு இருபுறமும் மெல்லிய இழைகள் உள்ளன. அவற்றினின்று பிரியும் நுண்ணிழைகளின் கொளுக்கிகள் ஒன்றையொன்று பற்றியே இறகைத் தகடாக்குகின்றன. அப்பிடி நெகிழ்ந்தால் காற்றும் நீரும் உட்புகும். அலகால் நீவும்போது கொளுக்கிகள் மீண்டும் பூட்டிக்கொள்கின்றன. பெரும்பாலான பறவைகளுக்கு வாலடியின் மேற்புறத்தில் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று உண்டு. அவ்வெண்ணெயையும் அலகால் எடுத்தே இறகிற் பூசுகின்றன. அலகு எட்டாத தலையைக் காலினாற் சொறிந்து சீர்செய்யும். கொக்கின் நடுவிரல் நகத்திலோ சீப்பைப் போன்ற பற்களே அமைந்துள்ளன!

புறாவின் மேலலகு நுனி, கீழலகைச் சிறிது கடந்து வளைந்திருக்கும். 2005ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அந்நுனியை மட்டும் நறுக்கிவிட்டபோது இறகுப் பேன்கள் பெருகின. நுனி மீண்டும் வளர்ந்ததும் அவை குறைந்தன. ஓரிரு மில்லிமீற்றர் அலகின் பெறுமதி அத்தகையது.

இத்துணைப் பயனுள்ள பழக்கமே பறவைக்கு யமனாவதும் உண்டு. கனிய எண்ணெய் இறகிற் படிந்தால், இழைகள் ஒட்டிக் குலைந்து நீர் தோலைத் தொடும். பறவையோ தன் வழக்கப்படி அதனைக் கோதத் தொடங்கும்; கோதக் கோத நஞ்சு வயிற்றிற் சேரும். 1989ஆம் ஆண்டு அலாஸ்காக் கரையோரத்தில் எக்ஸன் வால்டீஸ் என்னும் கப்பல் பாறைத்திட்டில் மோதி எண்ணெய் சிந்தியது. அதனால் மாண்ட கடற்பறவைகள் ஏறத்தாழ 250,000 என மதிப்பிடப்பட்டது.

அலாஸ்கா நமக்குத் தொலைவிலுள்ளதுதான். ஆயினும், மோட்டார் வண்டியிலிருந்து வடித்த கழிவெண்ணெயைக் குளத்திற் சேரும் வாய்க்காலில் ஊற்றுவோர் நம்மிடையேயும் உளர். அதனைத் தவிர்ப்பது நம் கையில் உள்ளது. தன் உடலின் தூசியையும் பேனையும் நீக்கப் பறவை அறியும். நாம் ஊற்றும் எண்ணெயை நீக்க அதன் அலகால் இயலாது.