நின்றால் அணையும் வேன்: பாகத்தை மாற்றுமுன் சோதிப்போம்

கடை நடத்தும் நமக்குச் சரக்கு வேன் இன்னொரு கை போன்றது. அது விடியற்காலையில் மண்டியிலிருந்து திரும்பும்போது மக்கர் செய்தால் அன்றைய வியாபாரமே கெட்டுவிடும். நமது வேனில் ஏற்பட்ட ஒரு கோளாறும் அதில் நாம் கற்ற பாடமும் வணிக அன்பர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறோம்.

நமது வேன் பழையது. கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் வண்டி. சாலையில் நன்றாகவே ஓடும். சிக்னலில் நின்றால் என்ஜின் குலுங்கும், சிறிது நேரத்தில் அணைந்துவிடும். முதலில் பிளக் மாற்றினோம். பிறகு பெட்ரோல் ஃபில்டரை மாற்றினோம். அதன்பின் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். மூன்று முறை செலவு செய்தும் பலன் இல்லை. சரக்கெடுக்க வாடகை வண்டி பிடித்தது தனிச் செலவு.

கடைசியில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் காட்டினோம். அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. "அண்ணாச்சி, பிரேக் முன்னைவிட கனமா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். யோசித்துப் பார்த்தால், ஆமாம்! என்ஜினிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு விட்டிருந்தது. ஹோஸை மாற்றியதும் இரண்டு கோளாறும் ஒன்றாகத் தீர்ந்தன.

காரணம் எளிது. 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. ஐட்லிங்கில் என்ஜின் இழுக்கும் காற்று மிகக் கொஞ்சம். அப்போது வெடிப்பு வழியே சிறிது காற்று கூடுதலாக நுழைந்தாலும் கலவை கெட்டுவிடும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் காற்று ஏராளமாகப் போவதால், அந்தச் சிறு கசிவு பெரிதாகத் தெரியாது. ஓடும்போது நன்றாக இருந்து, நிற்கும்போது மட்டும் வண்டி அணைவது இதனால்தான். கம்ப்யூட்டர் வைத்த வண்டிகளில் இதே கசிவு ஐட்லிங்கை ஏற்றி இறக்கிக் காட்டுவதும் உண்டு.

ஆகவே பட்டறைக்குப் போகுமுன் சில விவரங்களைக் கவனித்துக் குறித்துக்கொள்வது நல்லது.

காலையில் குளிர்ந்திருக்கும்போது மட்டும் அணைகிறதா? சோக்கையோ, குளிர் ஐட்லிங்கைக் கட்டுப்படுத்தும் பாகத்தையோ பார்க்க வேண்டும்.

ஒரே தாளத்தில் குலுங்குகிறதா? ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யாமல் இருக்கலாம். பிளக், பிளக் ஒயர் ஆகியவற்றில் தொடங்கலாம்.

கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வருகிறதா? பெட்ரோல் அதிகம் போகிறது. அடைத்த ஏர் ஃபில்டரும் சிக்கிய சோக்கும் இதற்குக் காரணமாகலாம்.

வேகமாகப் போகும்போதும் திணறுகிறதா? பெட்ரோல் ஃபில்டரையும் பம்பையும் சந்தேகிக்கலாம்.

கழற்றிய பிளக்கும் தகவல் சொல்லும். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் நலம். காய்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது.

பிரேக் பூஸ்டரை நாமே சோதிக்கலாம். என்ஜினை அணைத்துவிட்டு பெடலை நாலைந்து முறை மிதித்தால் அது இறுகிவிடும். மிதித்த காலை எடுக்காமல் என்ஜினை ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் ஹோஸையும் பூஸ்டரையும் உடனே காட்ட வேண்டும்.

புதிய வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், எந்தப் பாகத்தையும் மாற்றுமுன் ஸ்கேனரில் கோடு எடுக்கச் சொல்ல வேண்டும். பி0301 என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. பி0171 என்றால் காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு. கோடு காட்டுவது திசையைத்தான். எந்தப் பாகம் கெட்டது என்று சோதித்தே முடிவு செய்ய வேண்டும்.

சில எச்சரிக்கைகள். கசிவைக் கண்டுபிடிக்க என்ஜின் மீது பெட்ரோல் தெளிப்பது தீயை அழைப்பதாகும். ஓடும் என்ஜினில் பிளக் ஒயரைக் கையால் பிடுங்கக் கூடாது. ஷாக் பலமாக அடிக்கும். ஷட்டர் மூடிய கிடங்குக்குள் என்ஜினை ஓடவிடக் கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது; உயிரைக் குடித்துவிடும்.

ஓடும் வண்டி திடீரென அணைந்தால் பூஸ்டரின் உதவி ஓரிரண்டு மிதிப்புக்குத்தான் இருக்கும். பெடலை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக மிதித்து வண்டியை ஓரங்கட்ட வேண்டும். லோடு ஏற்றிய வேனில் இது உயிர்ப் பிரச்சினை. "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடக் கூடாது.

செலவு குறைந்ததை முதலில் பார்ப்பதே முறை. ஏர் ஃபில்டர், ரப்பர் ஹோஸ்கள், பிளக் முதலில். கார்புரேட்டர் அல்லது திராட்டில் பாடியைச் சுத்தம் செய்வது அடுத்து. பம்ப், காயில், வால்வு வேலையெல்லாம் கடைசியில். மாற்றிய பழைய பாகத்தையும் பில்லையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ராத்திரி கணக்கு உதைத்தால் நாம் புதுப் பேரேடு வாங்குவதில்லை. எந்த வரியில் பிழை என்று தேடுகிறோம். வண்டிக்கும் அந்தப் பொறுமையைக் காட்டுவோம். பணமும் மிஞ்சும், சரக்கும் நேரத்துக்குக் கடை வந்து சேரும்.