உங்களுக்குத் தெரியுமா? கரி போடும் கவட்டைக் குழாய்!

பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கைக்கு வயது சொன்னது முத்து இல்லை, மண்ணுக்குள் கிடந்த கரித்துண்டு! கி.மு. 785!

அதே கொற்கையில் 2021-இல் தோண்டினார்கள். திரவம் வடிகட்டும் சுடுமண் குழாய் கிடைத்தது. எத்தனை அடுக்கு? 9!

கரியே குழாயானால்? அதுதான் கார்பன் நானோ குழாய். ஜப்பானின் சுமியோ இஜிமா 1991-இல் அறிவித்ததும் உலகமே துள்ளியது. ஆனால் கீழடிப் பானை ஓட்டின் கருப்புப் பூச்சில் அது 2,600 ஆண்டுகளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது! வேலூர் விஐடி ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்து 2020-இல் வெளியிட்டார்கள். கொற்கையின் கருப்பு-சிவப்பு ஓடுகளையும் அப்படிப் பார்த்துவிட ஆசையாக இல்லையா?

அந்தக் கீழடிக் குழாயின் சராசரி விட்டம் 0.6 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே பக்கம் பக்கமாக வைத்தால் சுமார் 1 லட்சம் குழாய்க்கு இடம் இருக்கும்!

டமாஸ்கஸ் வாளிலும் நானோ குழாய் உண்டு! 2006-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் விஞ்ஞானிகள் பார்த்தார்கள். அந்த வகை வாளுக்குப் பேர்போன உருக்கு எங்கிருந்து போனது? நம் தென்னிந்தியாவிலிருந்து!

நேர்குழாயை விடுங்கள். கவட்டையாகக் கிளை பிரியும் குழாயும் இருக்கிறது! 2000-இல் பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையத்தில் சி.என்.ஆர். ராவ் குழுவினர் அதைத் தாராளமாகவே விளைவித்தார்கள். நிக்கலோசீன் ஆவியோடு தயோஃபீன் ஆவியைக் கலந்து கடும் சூட்டில் சிதைத்தார்கள். அவ்வளவுதான், கரி கிளைவிட்டது!

அந்தக் கவட்டையில் மின்சாரம் ஒரு திசையில் தாராளமாக ஓடும். திருப்பிவிட்டால் முரண்டு பிடிக்கும்! டையோடு வேலையைத் தானே செய்யும் கரி!

அமெரிக்காவில் இன்னொரு கைவண்ணம். இரும்பு வினையூக்கியோடு கொஞ்சம் டைட்டானியம் சேர்த்தார்கள். குழாய் கிளைத்தது! ஒரு கிளையில் மின்னழுத்தத்தை மாற்றினால் மின்னோட்டம் சட்டென்று நிற்கும். ஒற்றைக் குழாய்க்குள் ஒரு சுவிட்ச்! ஆண்டு 2005. செய்தவர்கள் சான் டியாகோவின் பிரபாகர் பண்டாருவும், கிளெம்சனின் அப்பாராவ் ராவும், அவர்களுடைய கூட்டாளிகளும். பெயர்களைப் பார்த்தீர்களா!

குழாய் எப்படிக் கிளைக்கிறது? கார்பன் அணுக்கள் அறுகோணமாகவே கைகோத்தால் நேரே ஓடும். கவட்டை விழ, இடையில் ஏழுகோணங்கள் நுழைய வேண்டும். ஒரு கவட்டைக்குக் குறைந்தது எத்தனை? சரியாக 6!