கொடிக்கு ஈரம், குடும்பத்திற்கு நலம்

கூடத்துச் சன்னலருகே ஒரு கண்ணாடிக் குப்பி, அதில் நீர், அந்நீரில் வெண்ணிற வேர்களைப் பரப்பி நிற்கும் மணி பிளாண்ட் கொடி. இக்காட்சியை நம் இல்லங்கள் பலவற்றிலும் காண்கிறோம். அக்கொடி வளர்ந்தால் வீட்டில் பணம் பெருகும் என்பாரும், அடுத்த வீட்டில் கேளாமல் கிள்ளி வந்து வைத்தால்தான் அது தழைக்கும் என்பாரும் உளர். பணத்தைப் பெருக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. கேளாமல் எடுப்பது எப்பொருளாயினும் களவே. ஆயினும் பசுமையும் பொன்னிறமும் கலந்த அதன் இலைகள் கண்ணுக்கு இனியவை. அக்கொடிக்கு வேண்டிய காற்றின் ஈரத்தை, வீட்டாரின் உடல்நலம் கெடாத வகையில் எங்ஙனம் காப்பது என்பதை இங்குக் காண்போம்.

பசிபிக் மாகடலில், தாகித்திக்கு அண்மையிலுள்ள மூரியா என்னும் சிறு தீவே இக்கொடியின் தாயகம். சேம்பும் சேனையும் சேர்ந்த குடும்பத்தையே இதுவும் சார்ந்தது. ஓங்கிய மரங்களின் நிழலில், கணுதோறும் வேர்விட்டுப் பட்டையைப் பற்றி ஏறுவது இதன் இயல்பு. நம் ஊர்த் தோட்டங்களிலும் பெருமரத்தில் ஏறிய கொடியின் இலைகள் முறம்போல் விரிந்திருப்பதைக் காணலாம். வீட்டுக் குப்பியில் உள்ளங்கையளவே இருக்கும் இலையும் அதே கொடியின் இலைதான். ஏறுவதற்குப் பிடிப்பும், பற்றுவேருக்கு ஈரமும், நல்ல வெளிச்சமும் கிடைப்பதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம்.

காற்றின் ஈரம் என்பது யாது? ஒரு கன மீட்டர் காற்று 30 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராம். 10 பாகையில் 9 கிராம் மட்டுமே. தாங்கக்கூடிய அளவில் எத்தனை விழுக்காடு நீராவி இருக்கின்றதோ அதனையே ஈரப்பதம் என்கிறோம். குளிர்சாதன இயந்திரத்தின் உள்ளே இருக்கும் குழாய்ச் சுருள் அறையைக் காட்டிலும் மிகக் குளிர்ந்தது. காற்று அதன்மேல் படும்போது தாங்கவொண்ணாத நீராவி துளிகளாய்ப் படிகின்றது. வெளிச்சுவரில் குழாய் வழியே சொட்டும் நீர் நம் அறைக்காற்றிலிருந்து பிரிந்த நீரேயாகும். இவ்வாறு வறண்ட காற்று இலைத்துளைகளின் வழியே கொடியின் நீரை விரைந்து உறிஞ்சுகின்றது. இலையின் நுனி பழுப்பேறிக் கருகுகின்றது. கோடை நண்பகலில் உள்மாவட்டங்களில் வீசும் வறட்காற்றும் இதே கேட்டைச் செய்யும்.

நுனி கருகக் கண்டவுடன் தொட்டியில் மேலும் நீர் ஊற்றுவது பலரின் வழக்கம். இது மருந்தன்று, மற்றொரு நோய். வறட்சி காற்றில் இருக்க, நீர் மண்ணில் தேங்கினால் வேர் மூச்சுவிட இயலாமல் அழுகும். நுனி மட்டும் மொறுமொறுப்பாய்க் கருகினால் காற்றின் வறட்சியையோ மண்ணில் மிகுந்த உப்பையோ ஐயுறலாம். மண் ஈரமாயிருக்கும்போதே அடியிலைகள் மஞ்சளித்து உதிர்ந்தால் நீர் மிகுந்ததென்று அறிக. மேல்மண் ஓர் அங்குல ஆழம் காய்ந்த பின்னரே நீர் ஊற்றுதல் நன்று.

அறையின் ஈரப்பதத்தை அறிய ஈரமானி விற்கப்படுகின்றது. அது இல்லாதார், சுவரில் மாட்டும் வெப்பமானிகள் இரண்டை அருகருகே வைத்து, ஒன்றின் குமிழில் நனைத்த பருத்தித் துணியைச் சுற்றி, விசிறியால் சற்று வீசிப் பார்க்கலாம். உலர்ந்த மானி 30 பாகை காட்டும்போது, நனைந்தது 5 பாகை குறைவாய்க் காட்டினால் ஈரப்பதம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. 8 பாகை குறைவாயின் பாதி. 12 பாகை குறைவாயின் 30 விழுக்காடே. 50 முதல் 60 விழுக்காடு வரை இருந்தால் கொடிக்கும் போதும், வீட்டாருக்கும் நலம்.

குறைந்த ஈரத்தை உயர்த்த எளிய வழிகள் உள. முதலாவதாக, குளிர்சாதன இயந்திரத்தின் காற்று நேரே படும் இடத்திலிருந்து கொடியை அகற்றி, வெளிச்சமுள்ள குளியலறையிலோ அடுக்களைச் சன்னலிலோ வைத்தல். இரண்டாவதாக, செடிகள் பலவற்றை ஒருங்கே வைத்தல்; ஒன்றன் இலை விடும் நீராவி மற்றொன்றுக்கும் உதவும். மூன்றாவதாக, தேங்காய் நார் சுற்றிய கம்பைத் தொட்டியில் நட்டு, கொடியை அதில் ஏற்றி, நாரை மட்டும் நனைத்து வருதல். மரப்பட்டையின் ஈரத்திற்கு ஈடாக இது பற்றுவேருக்கு அமையும். இலைமேல் நீர் தெளிப்பதன் பயனோ சிறிது நேரமே நிற்கும். இலை இரவெல்லாம் நனைந்திருந்தால் புள்ளிநோயும் பற்றும். கூழாங்கல்லும் நீரும் இட்ட தட்டு அதனையடுத்த காற்றைச் சிறிதே ஈரமாக்கும். அறை முழுவதையும் மாற்றாது.

ஈரம் நல்லதென்று அதனை வரம்பின்றிப் பெருக்குதலும் கூடாது. ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டியே நிற்கும் வீட்டில் சுவரிலும் துணிப்பேழையிலும் பூஞ்சணம் படர எளிதாகும்; படுக்கையில் தூசிப்பூச்சி பெருகும். இவையிரண்டும் ஆஸ்துமா உள்ள குழந்தைகளின் மூச்சை நெருக்குபவை. மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் காற்றில் ஈரம் இயல்பாகவே மிகுதி. அங்குச் சன்னலைத் திறந்து காற்றோட்டம் தருவதே முறை.

இதனினும் பெரிய இடர் குப்பியின் நீரிலேயே உளது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு விரும்பித் தேடுவது இத்தகைய தெளிந்த நீரையே. அது பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே முட்டையிடும். நம் நாட்டு வெப்பத்தில் ஒரு வாரம் முதல் பத்து நாள்களுக்குள் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். அம்முட்டைகள் நீரின்றிப் பல மாதங்கள் கிடந்தும் உயிர்பெறக் கூடியவை. ஆதலின் நீரை மாற்றினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறையேனும் குப்பியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, வேர்களையும் அலசிப் புதுநீர் ஊற்றல் வேண்டும். கூழாங்கல் தட்டிற்கும் தொட்டியின் அடித்தட்டிற்கும் இதே விதி. இயலாதவர் கொடியை மண்ணுக்கு மாற்றிவிடலாம். அங்கும் அது செழிக்கும்.

இன்னொரு சொல். சேனை நாக்கை அரிக்கச் செய்யும் ஊசி போன்ற படிகங்கள் இக்கொடியின் இலையிலும் தண்டிலும் உள்ளன. தவழும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் எட்டாத உயரத்தில் அதனை வைத்தல் நலம்.

கொடி வளர்ப்பது குற்றமுமன்று, பெருஞ்செலவுமன்று. வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, குப்பி கழுவும் பணியை வீட்டுச் சிறுவர் ஒருவரிடம் ஒப்படைப்போமாக. அவ்வொரு கால் மணி நேர உழைப்பில் கொடியும் தழைக்கும். காய்ச்சலும் நம் வாசலை அணுகாதிருக்கத் துணையாகும்.