ஐபோனில் ஆண்ட்ராய்டு: பூட்டு உடைந்த பிறகுதான் வேலையே ஆரம்பம்

"வீட்ல ஒரு பழைய ஐபோன் சும்மா கிடக்கு, அதுல ஆண்ட்ராய்டு போட முடியுமா?" இந்தக் கேள்வியை என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். விண்டோஸ் மடிக்கணினியில் லினக்ஸ் போடுகிறோம். ஒரு பென்டிரைவ், கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான். போனும் ஒரு கணினிதானே, அதில் மட்டும் ஏன் நடக்க மாட்டேங்குது?

"ஆப்பிள் விடாது" என்பது வழக்கமான பதில். அது பாதி பதில். ஆப்பிளின் பூட்டை உடைத்தவர்கள் இருக்கிறார்கள். உடைத்து, ஆண்ட்ராய்டையும் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். அப்படியும் அந்த போனை யாரும் தினசரி பயன்படுத்தும் நிலைக்கு வரவில்லை. ஏன் என்பதுதான் மீதிப் பாதி. இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

கணினி பெயர் சொல்லும், போன் சொல்லாது

மேசைக்கணினி உலகத்துக்கு ஒரு வசதி உண்டு. கிராபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு போன்றவை பிசிஐ என்ற பொதுவான பாதையில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றிடமும் தயாரிப்பாளர் எண், சாதன எண் என்று இரண்டு எண்கள் இருக்கும். இயங்குதளம் எழுந்ததும் "யாரெல்லாம் இருக்கீங்க?" என்று கேட்கும், அவை பதில் சொல்லும். பதிலுக்குப் பொருத்தமான டிரைவரைத் தேடி எடுத்துக்கொள்ளும். மற்ற விவரங்களை பயோஸ் அல்லது யூஇஎஃப்ஐ அட்டவணையாகக் கொடுத்துவிடும். அதனால்தான் ஒரே லினக்ஸ் பென்டிரைவ் நூறு வகைக் கணினிகளில் எழுந்து நிற்கிறது.

போனில் கதை வேறு. திரை, தொடுதிரை, சார்ஜ் ஏற்றும் சிப், ஒலி சிப் எல்லாம் குறிப்பிட்ட நினைவக முகவரிகளிலோ, இரண்டு மூன்று கம்பிகள் மட்டுமே உள்ள சின்னப் பாதைகளிலோ தொங்கிக்கொண்டிருக்கும். கேட்டாலும் பெயர் சொல்லாது. "தொடுதிரை இந்த முகவரியில் இருக்கு, இத்தனை வோல்ட் கொடு, இந்தக் கம்பியில் தட்டினால் எழும்" என்று கெர்னலுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலுக்கு டிவைஸ் ட்ரீ என்று பெயர். பட்டியல் தவறானால் போன் எழாது. மின்னழுத்தம் தவறானால் சிப்பே கருகலாம்.

இந்தப் பட்டியல் தயாரிப்பாளரிடம் மட்டுமே இருக்கும். ஆகவே ஒரு போனுக்கு வேறு இயங்குதளம் கொண்டுவருவது என்றால், உண்மையில் அந்தப் பட்டியலைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

இரண்டு போன்கள், இரண்டு விதி

முதல் ஐபோன் 2007 ஜூனில் வந்தது. 2008 கடைசியில் ஒரு சிறு குழு அதில் லினக்ஸ் கெர்னலை எழுப்பியது. 2010 ஏப்ரலில் டேவிட் வாங் என்பவர் அதே ஐபோனில் ஆண்ட்ராய்டு ஓடும் காணொளியை வெளியிட்டார். இதற்காக ஓபன்ஐபூட் என்ற தனி பூட்லோடரையே எழுத வேண்டியிருந்தது. ஆப்பிளின் நிரலைப் பிரித்துப் படித்து, எந்த முகவரியில் எது இருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஊகித்து, சோதித்து எழுதியது. வேலை அந்த நிலைக்கு வருவதற்குள் ஏறத்தாழ மூன்று வருடம் ஓடிவிட்டது. அடுத்த இரண்டு மாதத்தில் ஐபோன் 4 கடைக்கு வந்துவிட்டது.

இப்போது இன்னொரு போனைப் பாருங்கள். எச்டிசி எச்டி2. 2009 நவம்பரில் விண்டோஸ் மொபைல் 6.5 உடன் வந்தது. ஆண்ட்ராய்டுக்கு இதிலும் அதிகாரபூர்வ இடம் கிடையாது. ஆனால் அடுத்த வருடமே ஆர்வலர்கள் இதில் ஆண்ட்ராய்டை ஓட்டினார்கள். பிறகு விண்டோஸ் போன் 7, உபுண்டு என்று ஒவ்வொன்றாக ஏற்றி, "இதுல எதுதான் ஓடாது?" என்று கேலி பேசும் அளவுக்குப் போனது.

வித்தியாசம் எங்கே? எச்டி2-க்குள் இருந்தது குவால்காமின் 1 கிகாஹெர்ட்ஸ் ஸ்னாப்டிராகன் சிப். 2010 ஜனவரியில் வந்த கூகுளின் நெக்சஸ் ஒன் போனிலும் அதே சிப். அதைச் செய்து கொடுத்ததும் எச்டிசிதான். நெக்சஸ் ஒன் ஆண்ட்ராய்டு போன் என்பதால், ஜிபிஎல் உரிமப்படி அதன் லினக்ஸ் கெர்னல் மூலநிரல் வெளியே வந்தாக வேண்டும், வந்தது. அதாவது எச்டி2-க்கு ஒரு அண்ணன் தம்பி உறவு இருந்தது, அந்த உறவுக்காரரின் ஜாதகம் ஊருக்கே தெரியும்.

பூட்டும் தளர்வாகத்தான் இருந்தது. விண்டோஸ் மொபைலுக்குள்ளேயே ஹாரெட் என்ற சின்ன நிரலை ஓட்டி, எஸ்டி கார்டில் இருக்கும் லினக்ஸ் கெர்னலுக்குத் தாவிவிடலாம். இத்தனை சாதகம் இருந்தும், ஆரம்ப கட்டத்தில் அழைப்பில் குரல் ரோபோ மாதிரி கேட்கும் கோளாறு பலரைப் படுத்தியது. சொந்தக்காரர் ஜாதகம் இருந்தும் இந்தப் பாடு என்றால், ஒன்றுமே இல்லாத ஐபோனின் நிலையை யோசித்துக்கொள்ளுங்கள்.

பத்து வருடம் கழித்து மறுபடியும்

2019 செப்டம்பரில் செக்மேட் என்ற ஓட்டை வெளியானது. ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் எக்ஸ் வரையான போன்களின் பூட்ரோமில் இருக்கும் பிழை அது. பூட்ரோம் என்பது தொழிற்சாலையிலேயே சிப்பில் பதிந்துவிடும் முதல் நிரல், மாற்றவே முடியாது. ஆகவே ஆப்பிள் நினைத்தாலும் மென்பொருள் புதுப்பிப்பால் அதை அடைக்க முடியாது. பூட்டு நிரந்தரமாகத் திறந்தாயிற்று.

2020 மார்ச்சில் கொரேலியம் நிறுவனம் புராஜெக்ட் சாண்ட்கேசில் என்ற பெயரில் ஐபோன் 7-க்கான ஆண்ட்ராய்டை வெளியிட்டது. அந்த நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர் அதே டேவிட் வாங். இத்தனை அனுபவமுள்ளவர்கள், பூட்டு திறந்த போன். ஆனாலும் கேமரா வேலை செய்யவில்லை. ஒலி இல்லை. சிம் நெட்வொர்க் இல்லை. ஒவ்வொரு முறை அணைத்து ஏற்றும்போதும் கணினியில் செருகி அந்த ஓட்டை வழியாகவே நுழைய வேண்டும்.

இதைத் திறமைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். பிராசசர் இரண்டு பக்கமும் ஏஆர்எம்தான், கட்டளைகள் ஒன்றுதான். ஆனால் அதைச் சுற்றியிருப்பது எல்லாமே ஆப்பிளின் சொந்தச் சரக்கு. குறுக்கீடுகளைக் கையாளும் பகுதிகூட மற்ற ஏஆர்எம் சிப்புகளில் இருப்பது போல இருக்காது. கிராபிக்ஸ் பகுதிக்கு ஆவணம் கிடையாது. கேமரா என்பது வெறும் சென்சார் இல்லை. அதன் பின்னால் படத்தைச் சீராக்கும் தனிச் செயலி இருக்கிறது, அதற்கென்று தனி நிரல் இருக்கிறது. மோடம் தன்னளவில் இன்னொரு முழுக் கணினி. சொந்த பிராசசர், சொந்த நிரல், அதோடு பேசச் சொந்த மொழி. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துப்பு துலக்க வேண்டும். துலக்கி முடித்தாலும் அது அந்த ஒரு மாடலுக்குத்தான், அடுத்த மாடலில் பாதி மாறியிருக்கும்.

ஆண்ட்ராய்டு போனில் வேறு இயங்குதளம் ஏன் கொஞ்சம் சுலபம்?

எதிர்த்திசையிலும் பார்த்துவிடுவோம். ஆண்ட்ராய்டு போனில் உபுண்டு டச், செயில்ஃபிஷ் எல்லாம் ஓடுகின்றனவே, எப்படி? அவை பெரும்பாலும் டிரைவர்களை இரவல் வாங்குகின்றன. தயாரிப்பாளர் ஆண்ட்ராய்டுக்காகக் கொடுத்த மூடிய டிரைவர்களை, வழக்கமான லினக்ஸ் நிரல்கள் அழைக்கும்படி செய்யும் லிப்ஹைப்ரிஸ் என்ற பாலம் 2012-ல் வந்தது. புத்திசாலித்தனமான வழி. ஆனால் இரவலுக்கு விலை உண்டு. அந்த டிரைவர் எந்தப் பழைய கெர்னலுக்காக எழுதப்பட்டதோ, அந்தக் கெர்னலோடு கட்டுண்டு கிடக்க வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன கெர்னலாக இருந்தாலும் அதேதான்.

2017-ல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் திட்டம் இந்த இரவலைத் தவிர்க்கப் பார்க்கிறது. ஒவ்வொரு போனுக்கும் பொதுவான லினக்ஸ் கெர்னலிலேயே ஆதரவு சேர்ப்பது அவர்கள் வழி. நல்ல வழி, மெதுவான வழி. பல போன்களில் திரை எழும், வைஃபை வரும், ஆனால் கேமராவோ அழைப்போ பாக்கி நிற்கும். ஐபோனில் தடுக்கி விழுந்த அதே இடங்கள்தான், கவனித்தீர்களா?

அப்போ என்னதான் செய்யலாம்?

பழைய போனை வைத்து முயற்சி செய்ய நினைப்பவர்களுக்கு நான்கு கேள்விகள். பூட்லோடரை அதிகாரபூர்வமாகத் திறக்க முடியுமா? கெர்னல் மூலநிரல் வெளியாகியிருக்கிறதா? அதே சிப் உள்ள, நன்றாக ஆதரவு பெற்ற வேறு போன் இருக்கிறதா? உங்கள் மாடலின் பக்கத்தில் "எழுகிறது" என்பதைத் தாண்டி அழைப்பு, கேமரா, ஒலி வேலை செய்வதாகப் போட்டிருக்கிறதா? நான்குக்கும் ஆம் என்றால் தாராளமாக இறங்குங்கள். முதல் இரண்டுக்கே இல்லை என்றால், நேரம் உங்களுடையது, முடிவும் உங்களுடையது.

என் கருத்து இதுதான். பூட்லோடரைத் திறந்துவிடு என்று நிறுவனங்களிடம் கேட்பது அவசியம், ஆனால் போதாது. வன்பொருளின் பட்டியலையும், மூடிய டிரைவர்களுக்கான ஆவணத்தையும், குறைந்தபட்சம் புதுப்பிப்பை நிறுத்தும் நாளிலாவது வெளியிட வேண்டும் என்று கேட்க வேண்டும். அந்த நாளுக்குப் பிறகு அந்தப் போனால் நிறுவனத்துக்கு வியாபாரம் எதுவும் இல்லை. வாங்கியவருக்கோ திரையும் பேட்டரியும் இன்னும் உழைக்கிற ஒரு கணினி கையில் இருக்கிறது. அதை எப்படி ஓட்டுவது என்ற தகவல் மட்டும்தான் இல்லை.