தினம் தினம் அழிந்த கணக்கு!

கோவில்பட்டியில் கடலை மிட்டாய்க் கடை வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். அன்றாடக் கணக்கு நோட்டை ராத்திரியானால் கிழித்துப் போடுவாரா? 'அப்புறம் ஆடிட்டர்கிட்ட எதைக் காட்டுறது சார்?' என்பார்.

ஆனால், ஒரு போலீஸ் ஸ்டேஷனில் அதுதான் நடந்தது.

2020 ஜூன் 19. ஊரடங்குக் காலம். நேரம் தாண்டி செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி, சாத்தான்குளத்தில் அப்பா, மகன் இருவரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, கோவில்பட்டி கிளைச் சிறை. 22-ம் தேதி ராத்திரி மகன், 23-ம் தேதி விடிகாலை அப்பா... இருவருமே கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரியில் இறந்து போனார்கள்.

ஹைகோர்ட் மதுரைக் கிளை உத்தரவிட, கோவில்பட்டி மாஜிஸ்திரேட் அந்த ஸ்டேஷனுக்குப் போனார். கேமரா இருந்தது. ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க்கும் இருந்தது, இடமும் தாராளம். 19-ம் தேதி முதல் படம் மட்டும் இல்லை! அன்றன்றைக்குத் தானாக அழியும்படி செட்டிங் வைத்திருந்தார்கள்.

மெஷின் என்ன செய்யும், பாவம்? மறக்கச் சொன்னால் மறக்கும்!

மனுஷி மறக்கவில்லை. லத்தியிலும் மேஜையிலும் ரத்தக்கறை இருப்பதை அங்கே வேலை பார்த்த பெண் தலைமைக் காவலரே மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். 2020 செப்டம்பரில் ஒன்பது போலீஸார் மீது சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை கொடுத்தது. ஸ்டேஷனில் எடுத்த மாதிரிகளின் டி.என்.ஏ., இறந்தவர்களுடையதோடு ஒத்துப்போகிறது என்றது அது.

விஷத்தைக் கண்டுபிடிக்க 1849-லேயே சென்னையில் அரசு ரசாயனப் பரிசோதனைக் கூடம் வைத்த ஊர் நம்முடையது. விஞ்ஞானத்துக்குப் பஞ்சமே இல்லை. அதைப் பூட்டி வைக்கிற சாவி யாரிடம் என்பதில்தான் சிக்கல்.

2020 டிசம்பர் 2-ல் சுப்ரீம் கோர்ட் கறாராகச் சொன்னது: எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும். இருட்டிலும் தெரிய வேண்டும், பேச்சும் பதிய வேண்டும். பதிவு 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருஷமாவது இருக்க வேண்டும். மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு வேண்டும். அப்படியும், கேமராக்கள் சரியாக வேலை செய்யாததைப் பார்த்து, 2025 செப்டம்பரில் அதே கோர்ட் தானாக முன்வந்து வழக்கை எடுக்க வேண்டி வந்தது.

கேமரா வாங்கியதற்கு பில் இருக்கும். வந்து பார்த்த ஆடிட்டர் யார்? கல்லாவில் உட்கார்ந்தவரே ஆடிட்டும் பண்ணினால் கணக்கு எப்போதும் 'சரி'யாகத்தானே இருக்கும்!

உங்கள் மாவட்டக் குழு கடைசியாக எப்போது பதிவைப் பார்த்தது? கேட்டு வையுங்கள். நாளைக்கு அந்த பெஞ்சில் உட்காருவது உங்க அப்பாவாகவும் இருக்கலாம்.