ஹிட் ஷோக்களையே தூக்கிய சேனல்: 1971இல் அமெரிக்க டிவியில் என்ன நடந்தது?

ஒரு நிகழ்ச்சி நல்லா ஓடினால் சேனல் அதை இழுத்துக்கொண்டே போகும். ஓடவில்லை என்றால் நிறுத்திவிடும். டிவி பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான் இது. ஆனால் 1971இல் அமெரிக்காவின் சி.பி.எஸ். நிறுவனம் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. அந்த சீசனின் ரேட்டிங் பட்டியலில் 15ஆம் இடத்தில் இருந்தது 'மேபெர்ரி ஆர்.எஃப்.டி.'. 16ஆம் இடத்தில் இருந்தது 'ஹீ ஹா'. இரண்டையும் தூக்கிவிட்டார்கள். கூடவே இன்னும் பல பழைய நிகழ்ச்சிகளும் காலி.

இவற்றில் பலவற்றுக்கும் ஓர் ஒற்றுமை இருந்தது. எல்லாமே கிராமத்துக் கதைகள், அல்லது கிராமத்து ஜனங்கள் விரும்பிப் பார்த்த நிகழ்ச்சிகள். அதனால் இந்தச் சம்பவத்துக்கு 'ரூரல் பர்ஜ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. தமிழில் சொன்னால், கிராமத்தைக் களையெடுத்த கதை.

ஓடுகிற குதிரையை யாராவது அவிழ்த்துவிடுவார்களா? சி.பி.எஸ். ஏன் அப்படிச் செய்தது?

முதலில், என்னென்ன நிகழ்ச்சிகள் அவை?

1960களில் சி.பி.எஸ்.ஸின் பலமே கிராமத்து காமெடிதான். 1962இல் தொடங்கிய 'தி பெவர்லி ஹில்பில்லீஸ்', ஒரு மலைக்கிராமத்து ஏழைக் குடும்பத்தின் கதை. அவர்கள் நிலத்தில் எண்ணெய் கிடைக்கிறது. ஒரே நாளில் கோடீஸ்வரர்களாகி, பணக்காரர்கள் வாழும் பெவர்லி ஹில்ஸுக்குக் குடிபோகிறார்கள். முதல் இரண்டு சீசன்களிலும் அமெரிக்காவிலேயே நம்பர் 1 நிகழ்ச்சி இதுதான்.

1965இல் வந்த 'கிரீன் ஏக்கர்ஸ்' இதற்கு நேர் எதிர். நியூயார்க் வக்கீல் ஒருவர் நகரம் சலித்துப்போய் கிராமத்தில் பண்ணை வாங்குகிறார். சின்ன ஊர் ஒன்றின் ஷெரீஃபைச் சுற்றிய 'தி ஆண்டி கிரிஃபித் ஷோ', 1968இல் முடியும்போது நம்பர் 1 இடத்தில் இருந்தது. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 'மேபெர்ரி ஆர்.எஃப்.டி.'. நாட்டுப்புறப் பாட்டும் கடி ஜோக்குமாக ஓடியது 'ஹீ ஹா'.

1970இல் 'பெட்டிகோட் ஜங்ஷன்', ரெட் ஸ்கெல்டன், ஜாக்கி க்ளீசன் நிகழ்ச்சிகள் போயின. 1971இல் மேலே சொன்னவற்றோடு, 23 வருடம் ஓடிய 'எட் சல்லிவன் ஷோ'வும், 'லாஸி' என்ற நாயின் கதையும் போயின. 'கிரீன் ஏக்கர்ஸ்' நடிகர் பேட் பட்ரம் இதைக் கிண்டலடித்தார். மரம் வருகிற நிகழ்ச்சி எல்லாவற்றையும் சி.பி.எஸ். நிறுத்திவிட்டது, லாஸி உட்பட என்றார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தூக்கப்பட்ட எல்லாமே அப்போது ஹிட் இல்லை. 'பெவர்லி ஹில்பில்லீஸ்' கடைசி சீசனில் முதல் 30 இடங்களுக்குள்கூட வரவில்லை. ஆனால் ரெட் ஸ்கெல்டன் ஷோ முதல் 10 இடங்களுக்குள் இருந்தபோதே நிறுத்தப்பட்டது. ஆக, ரேட்டிங் மட்டும் காரணம் இல்லை.

எத்தனை பேர் இல்லை, யார் பார்க்கிறார்கள்?

நம்ம ஊர் டி.ஆர்.பி. மாதிரி அமெரிக்காவில் நீல்சன் ரேட்டிங். அதில் பல காலமாக முக்கியமாகப் பார்க்கப்பட்டது எத்தனை வீடுகளில் நிகழ்ச்சி ஓடியது என்பதைத்தான். அந்த வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பது 22 வயசுப் பெண்ணா, 65 வயசுத் தாத்தாவா என்பது இரண்டாம்பட்சம்.

1960களில் இது மாறியது. மூன்று நெட்வொர்க்குகளில் எப்போதும் கடைசியில் இருந்தது ஏ.பி.சி. மொத்த எண்ணிக்கையில் ஜெயிக்க முடியாததால், "எங்களிடம் 18 முதல் 49 வயதுள்ளவர்கள் அதிகம்" என்று சொல்லி விளம்பரதாரர்களை இழுத்தது. புதிதாகக் குடும்பம் நடத்துபவர்கள், கார் வாங்குபவர்கள், சோப்பையும் ஷாம்பூவையும் மாற்றிப் பார்க்கத் தயங்காதவர்கள் இந்த வயதினர்தான் என்பது விளம்பர உலகத்தின் நம்பிக்கை.

ஒரு கற்பனைக் கணக்கு பார்க்கலாம். 'அ' நிகழ்ச்சியை 100 பேர் பார்க்கிறார்கள். அதில் 30 பேர் இளையவர்கள். 'ஆ' நிகழ்ச்சியை 80 பேர்தான் பார்க்கிறார்கள். அதில் 60 பேர் இளையவர்கள். பழைய கணக்கில் 'அ' ஜெயிக்கும். புதிய கணக்கில் 'ஆ'வுக்குத்தான் அதிக விளம்பரக் காசு. அவ்வளவுதான் விஷயம். டிவி சேனலுக்கு நிகழ்ச்சி சரக்கு இல்லை. அதைப் பார்க்கிற நாம்தான் சரக்கு.

நகரம் ஏன் முக்கியமானது?

அமெரிக்காவில் நெட்வொர்க் என்பது நாடு முழுக்க ஒரே சேனல் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு உள்ளூர் நிலையம் இருக்கும். பெரும்பாலானவை வேறு முதலாளிகளுடையவை. நெட்வொர்க் தரும் நிகழ்ச்சியை வாங்கி ஒளிபரப்பும். சில பெரிய நகரங்களில் மட்டும் நெட்வொர்க்கே நிலையத்தைச் சொந்தமாக வைத்திருக்கும். சி.பி.எஸ்.ஸுக்கு நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ், சிகாகோ போன்ற நகரங்களில் அப்படி நிலையங்கள் இருந்தன. லாபம் கொட்டும் இடம் அதுதான்.

கிராமத்து நிகழ்ச்சிகள் சின்ன ஊர்களில் பிய்த்துக்கொண்டு ஓடின. பெரிய நகரங்களில் அந்த அளவு எடுபடவில்லை. 1969இல் சி.பி.எஸ். நெட்வொர்க்கின் தலைவராக வந்த ராபர்ட் வுட், அதற்கு முன் இந்தச் சொந்த நிலையங்களைத்தான் நிர்வகித்துவந்தார். எங்கே பணம் வருகிறது, எங்கே வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். 30களின் தொடக்கத்தில் இருந்த ஃபிரெட் சில்வர்மேன் 1970இல் நிகழ்ச்சிப் பிரிவின் தலைமைக்கு வந்தார். இருவரும் சேர்ந்துதான் கத்தரியைக் கையில் எடுத்தார்கள்.

நேரமும் சேர்ந்து நெருக்கியது. 1971 ஜனவரி 2 முதல் அமெரிக்க டிவியிலும் ரேடியோவிலும் சிகரெட் விளம்பரத்துக்குத் தடை. பெரிய வருமானம் ஒரே நாளில் நின்றது. அதே ஆண்டு இன்னொரு அரசு விதி. பெரிய நகரங்களின் நிலையங்கள் மாலை நேரத்தில் நெட்வொர்க் நிகழ்ச்சிகளை 3 மணி நேரத்துக்கு மேல் காட்டக் கூடாது. மீதி நேரம் வெளியாருக்கு. நெட்வொர்க்கிடம் இருந்த இடமே சுருங்கியதால், சில நிகழ்ச்சிகள் எப்படியும் வெளியே போயாக வேண்டிய நிலை.

அந்த இடத்தில் என்ன வந்தது?

இங்கேதான் கதை கொஞ்சம் சிக்கல். வந்தவை சாதாரண நிகழ்ச்சிகள் இல்லை. வேலைக்குப் போகும் தனிப் பெண்ணை மையமாக வைத்து 1970இல் 'தி மேரி டைலர் மூர் ஷோ' வந்தது. 1971 ஜனவரியில் நார்மன் லியரின் 'ஆல் இன் தி ஃபேமிலி' தொடங்கியது. இனவெறி, வியட்நாம் போர், பெண் விடுதலை என்று வீட்டுக்குள் நடக்கும் சண்டைகளை அப்படியே காமெடியாக வைத்தது அது. ஏ.பி.சி. இரண்டு முறை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய நிகழ்ச்சி. சி.பி.எஸ்.ஸில் தொடர்ந்து 5 சீசன் நம்பர் 1. 1972இல் போர்முனை மருத்துவர்களின் கதையான 'மேஷ்'. 1983இல் அதன் கடைசி எபிசோடை 10 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள்.

அதனால் வுட்டும் சில்வர்மேனும் தப்பு செய்தார்கள் என்று சுலபமாகச் சொல்ல முடியாது. அமெரிக்க டிவி காமெடியின் பொற்காலம் என்று பலர் சொல்வது இந்த முடிவுக்குப் பின் வந்த வருடங்களைத்தான்.

அப்போ கிராமத்து ரசிகர்கள்?

அவர்கள் எங்கேயும் போகவில்லை. 'ஹீ ஹா' தயாரிப்பாளர்கள் நெட்வொர்க்கை விட்டுவிட்டு, உள்ளூர் நிலையங்களுக்கு நேரடியாக நிகழ்ச்சியை விற்றார்கள். இதற்கு 'சிண்டிகேஷன்' என்று பெயர். அரசு விதியால் நிலையங்களுக்கும் மாலையில் நிரப்ப வேண்டிய நேரம் இருந்தது. நெட்வொர்க்கின் இடத்தைப் பறித்த அதே விதி, நெட்வொர்க் துரத்திய நிகழ்ச்சிக்கு இடம் கொடுத்தது. சி.பி.எஸ்.ஸில் 2 வருடம் மட்டுமே ஓடிய 'ஹீ ஹா', வெளியே போய் இன்னும் 20 வருடத்துக்கு மேல் ஓடியது. ஏ.பி.சி. 1971இல் கைவிட்ட லாரன்ஸ் வெல்க்கின் இசை நிகழ்ச்சியும் இதே வழியில் 1982 வரை தாக்குப்பிடித்தது.

இன்னொரு வேடிக்கை. 1972இல் சி.பி.எஸ்.ஸே 'தி வால்டன்ஸ்' தொடங்கியது. மலைக்கிராமத்துக் குடும்பத்தின் கதைதான்! 1973-74 சீசனில் ரேட்டிங் பட்டியலில் 2ஆம் இடம். கிராமம் என்ற களத்தை நகரத்து ரசிகர்கள் வெறுக்கவில்லை என்று இது காட்டியது. சரியாகச் சொன்னால் அவர்களும் பார்த்தார்கள்.

இது நமக்கு எதுக்கு?

இந்த 18-49 என்ற கோடு அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அமெரிக்க டிவியை ஆண்டது. எந்தக் கதை எடுக்கலாம், ஹீரோவுக்கு என்ன வயது, எந்த ஊரில் கதை நடக்கிறது என்பதுவரை அது தீர்மானித்தது. இன்று ஓ.டி.டி.யில் உங்களுக்குப் பிடித்த தொடர் ஒரே சீசனோடு நின்றுபோனால், "இவ்வளவு பேர் பார்த்தோமே, ஏன்?" என்று கேட்கத் தோன்றும். 1971இல் 'மேபெர்ரி' ரசிகர்களும் அதைத்தான் கேட்டார்கள். பதில் எண்ணிக்கையில் இல்லை. அந்த நிறுவனத்துக்கு எந்த மாதிரிப் பார்வையாளர் தேவை என்பதில் இருக்கிறது.

இதைப் படிக்கிற பெரும்பாலானோர் இன்று அந்தக் கோட்டுக்குள் இருக்கிறீர்கள். உங்களைப் பார்த்துத்தான் எல்லாம் எடுக்கப்படுகிறது. வீட்டில் ரிமோட்டை வைத்திருக்கும் அப்பா, அம்மாவுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. 50 வயது நமக்கும் வரும்.