மூன்று குறுணி நெல்

2002-ஆம் ஆண்டு லண்டன் பி.பி.சி. உலக வானொலி தனது 70-வது ஆண்டு நிறைவையொட்டி ஒரு போட்டி நடத்திற்று. உலகிலேயே சிறந்த பாட்டு எது? பல நாட்டு நேயர்களும் வாக்களித்தார்கள். இளையராஜா இசையமைத்த 'தளபதி' (1991) படத்தின் 'ராக்கம்மா கையைத் தட்டு' நான்காவது இடத்தைப் பெற்றது!

ஆட்டம் போடவைக்கும் மெட்டுதான். ஆனால் நடுவே, தில்லைக் கூத்தனை அப்பர் பாடிய தேவாரம் பெண்குரல்களில் ஒலிக்கிறது.

தேவாரம் தானாகப் பிழைத்து வந்ததல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், தஞ்சைப் பெரிய கோவிலில் திருப்பதிகம் பாட 48 பேரையும், உடுக்கை, கொட்டிமத்தளம் வாசிக்க இருவரையும் ராஜராஜன் நியமித்தான். ஆளுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல் என்கிறது கல்வெட்டு.

பாடுகிறவன் வயிறு நிறைந்தால்தான் பாட்டு நிலைக்கும் என்று சோழன் அறிந்திருந்தான். பாட்டுக்குக் கைதட்ட உலகமே இருக்கிறது. ஓதுவாருக்கு நெல் அளக்க நாமல்லவா இருக்க வேண்டும்?